ஜன்னல் கட்டிலுக்குப் போன ஜெபம்

சாலமோனுக்கும் கிரேசுக்கும் அப்பா எழுதுவது.

தெருவில் உள்ள பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, "அப்பா, சட்டையத் தூக்கிக் காட்டுப்பா" என்று கேட்பதை நீங்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். நேற்று வந்தவர்களில் பாதிப் பேர் பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகளே இல்லை. ஒருவன் ஐயம்பேட்டையிலிருந்து நடந்து வந்திருந்தான். என் வயிற்றுத் தையலைக் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றான். சாலமோன் அவனிடம் என்ன சொல்லிக் கூட்டி வந்தானோ தெரியவில்லை.

ஆகையால் நடந்ததை எழுதித் தருகிறேன். இனி யார் கேட்டாலும் இதைப் படித்துக் காட்டுங்கள். சட்டை அதன் இடத்திலேயே இருக்கட்டும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் கிரேஸ் திருத்தலாம். சாலமோன் திருத்த வேண்டாம்.

நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். இது உங்களுக்குத் தெரியும். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் தெரியட்டும் என்று சொல்கிறேன். கொதிக்கிற கொப்பரையில் நூலை முக்கி, கோலில் மாட்டிப் புரட்டிப் புரட்டி எடுப்பது என் வேலை. என் கை என்ன நிறம் என்பது அந்த வாரத்து ஆர்டரைப் பொறுத்தது. அரக்கு வாரம் உண்டு, பச்சை வாரம் உண்டு. முதல் தடவை நான் பச்சைக் கையை நீட்டியபோது நம் போதகர் திருவிருந்து அப்பத்தைக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு பழகிவிட்டார்.

அந்த வருஷம் தை மாதக் கல்யாணங்களுக்கு எல்லாரும் மாம்பழ மஞ்சளே கேட்டார்கள். நானும் மஞ்சளானேன். கை மஞ்சளானது, முழங்கை மஞ்சளானது. ஒரு நாள் முதுகு தேய்த்துவிட வந்த உங்கள் அம்மா கேட்டாள்:

"இன்னாங்க இது, முதுகெல்லாம் சாயமா இருக்குது? கொப்பரைக்குள்ள எறங்கிக் குளிச்சீங்களா?"

"ஆவி அடிக்குதில்ல எஸ்தரு. ஆவியில ஏறியிருக்கும்."

ஆவியில் சாயம் ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு எப்படி ஏறியது என்றும் தெரியவில்லை. உங்கள் அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், கடைசியில் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டாள். பட்டறையில் முதலாளி என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தானியேலு, நூலுக்கு இந்த மாரி புடிக்க மாட்டுது பா. ஒனக்கு மட்டும் எப்பிடிப் புடிச்சிது?" என்று பொறாமைப்பட்டார். எனக்குப் பசி எடுக்கவில்லை. உடம்பு முழுக்க அரிப்பு. அரிப்புக்குக் காரணம் தேங்காய் நார் என்று நினைத்தேன். பசியின்மைக்குக் காரணம் அரிப்பு என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

கிரேஸ், கண்டுபிடித்தவள் நீதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் உனக்குப் பின்னல் கட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்:

"அப்பா, கண்ணுக்குள்ளயும் சாயம் பட்டுடுச்சா?"

உள்ளே அம்மா பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. வெளியே வந்தாள், என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அன்றைக்கு நாம் ஆராதனைக்குப் போகவில்லை.

முதலில் மாகறலில் இருந்து உறவுக்காரர் ஒருவர் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தார். அரைத்து மோரில் கலந்து குடித்தேன். நிறைய பேருக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி வர ஆரம்பித்தபோது, உங்கள் அம்மா என்னைக் குதிரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். விலாவுக்குக் கீழே ஒரு விரலால் அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

"எவ்வளவு நாளா மஞ்சளா இருக்கீங்க?"

"தை மாசத்துலருந்துமா. பச்ச ஆர்டர் வந்தா சரியாப்பூடும்னு இருந்தோம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். கல்லீரல் என்று ஒன்று, அதில் பித்தநீர் ஊறுகிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பையில் அது சேர்ந்து, குழாய் வழியாகக் குடலுக்குப் போய்ச் சோற்றைச் செரிக்க வைக்கிறது. அந்தப் பையில் உண்டான ஒரு கல் உருண்டு வந்து குழாயை அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத பித்தநீர் ரத்தத்தில் திரும்பி உடம்பெங்கும் ஓடுகிறது. அதுதான் மஞ்சள். எனக்குச் சட்டென்று புரிந்தது. வெளியிலிருந்து நான் நூலுக்குச் சாயம் போட, உள்ளேயிருந்து யாரோ எனக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"வயித்தத் திறந்து கல்லை எடுக்கணும். தள்ளிப் போட்டா கல்லீரல் கெட்டுடும். அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

உங்கள் அம்மா அன்று சாயங்காலம் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து என் முழங்கையிலும் முதுகிலும் தடவினாள். "நார் போட்டுத் தேச்சித் தேச்சித் தோலையே எடுத்துட்டனே, ஒரு வார்த்த வலிக்குதுன்னு சொல்லக்கூடாதா" என்று அழுதாள். சொல்லியிருந்தால் இன்னும் அழுத்தித் தேய்த்திருப்பாள். அதை நான் அப்போது சொல்லவில்லை.

இப்போது விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கும்போதெல்லாம் நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கு மனப்பாடம். எனக்குப் பயமில்லை, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பேன். பித்தப்பையில் கல் இல்லாத நாளில் அது சுலபமான வார்த்தை. வயிற்றைத் திறப்பார்கள் என்று கேட்டதிலிருந்து, மூச்சு நின்றுபோன என்னை மேசையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா கையைப் பிசைவது போலவே ஒரு காட்சி கண்ணில் நின்றது. நீங்கள் இருவரும் அம்மாவும் வாசலில் நிற்பது போல இன்னொன்று.

போதாததற்கு நம் மூப்பர் யோசேப்பு வந்தார். சபையில் நீளமாக ஜெபிப்பதில் அவருக்கு மிஞ்சியவர் கிடையாது.

"தானியேலு, கத்தி வைக்கறது விசுவாசக் குறைச்சல். நாங்க ஜெபம் பண்ணிக் கல்லக் கரைச்சிட்றோம்."

பாட்டுக் குழுவில் முதல் குரல் கொடுக்கும் ஞானம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். "போன மாசம் பல்லு வலிச்சப்ப நீரு எங்க ஓடினீரு? பல்லு புடுங்கறவன் கடைக்குத்தான?"

"பல்லு வேற, கல்லு வேறம்மா."

"ரெண்டும் வலிதான்."

எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதுதான் என் கஷ்டம்.

ஆண்கள் வார்டில் எனக்கு ஜன்னல் ஓரக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் வரதாச்சாரி. சின்னக் காஞ்சிபுரத்தில் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை சமைக்கிறவர். வயதானவர், குடுமி வைத்தவர், மனைவி இறந்துவிட்டார், மகன் பம்பாயில். பெரிய பெரிய அண்டாவைத் தூக்கித் தூக்கி அவருக்குக் குடலிறக்கம். அதாவது வயிற்றுச் சுவர் ஓரிடத்தில் நைந்துபோய், குடல் அதன் வழியே வெளியே எட்டிப் பார்ப்பது. இவர் பல வருஷமாக அதை உள்ளே தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தள்ளியது உள்ளே போகாமல் உயிர் போகும்போல் வலித்திருக்கிறது. எப்படியோ மறுபடி உள்ளே போய்விட்டது. அடுத்த தடவை போகாது, குடல் நெரிந்து அழுகிவிடும், உடனே தைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

ஆச்சாரி தன் சொம்பை என் பக்கம் வைக்காமல் மறுபக்கம் வைத்திருந்தார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடமாட்டார். பாலும் வாழைப்பழமும்தான். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து கேரியர் வரும். கருவாட்டுக் குழம்பு மூடி திறக்கும்போது அவர் கம்பளியைத் தலைமுதல் கால்வரை இழுத்து மூடிக்கொள்வார். மணி அடித்துக் கூட்டம் போகும்வரை அந்தக் கம்பளி அசையாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச ஆரம்பித்தது அவர்தான்.

"ஓய், எங்க கோயில் குடலை இட்லி சாப்பிட்டிருக்கீரோ?"

"இல்ல சாமி."

"மூங்கில் குடலையில மந்தாரை இலை போட்டு, மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் தட்டிப் போட்டு... நெய் விடணும் பாரும், அளந்து விடப்படாது. டிஸ்சார்ஜ் ஆனதும் வாரும், தரேன்."

"மன்னிக்கணும் சாமி. படைச்சத நாங்க சாப்டறதில்ல."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐயோ, மனசு நோகும்படி சொல்லிவிட்டோமே என்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உம்மாத்துக் கஞ்சியை நான் தொடமாட்டேன். எங்க பெருமாள் இட்லியை நீர் தொடமாட்டீர். சரிக்குச் சரியாப் போச்சு, விடும்."

அதிலிருந்து நாங்கள் நல்ல சிநேகிதர்கள்.

டாக்டரம்மாவுக்கு ஆபரேஷன் நாள் செவ்வாயும் வெள்ளியும். எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்கிவிட்டு, "யார் முதல்ல வரீங்க?" என்று கேட்டார். அங்கேதான் தவறு செய்தார்.

"பெரியவர் இருக்கும்போது நானு எப்பிடிம்மா? சாமி முதல்ல போகட்டும்" என்றேன்.

"அவருக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கு. அவருக்கு முதல்ல பண்ணிடுங்கோ" என்றார் ஆச்சாரி.

"கல்யாணப் பந்தியா இது? நீங்க முதல்ல, நீங்க முதல்லன்றீங்க!" என்றார் டாக்டரம்மா. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவருக்கு அஷ்டமி, எனக்கு இருமல். வெள்ளிக்கிழமை எனக்கு இருமல் இன்னும் அதிகம். அவருக்கு நட்சத்திரம் சரியில்லை. இந்த மரியாதையிலேயே ஒரு வாரம் ஓடிவிட்டது. என் மஞ்சள் கரும்பச்சை கலந்த மஞ்சளானது. பட்டறையில் அந்த நிறம் வந்தால் கொப்பரையோடு கொட்டிவிடுவோம்.

டாக்டரம்மா கடைசியாக வந்து நின்றார். "அடுத்த வாரமும் இப்படின்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடுங்க. கட்டிலாவது வேற யாருக்காவது உதவும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஆச்சாரி வழக்கம்போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் ஜன்னலுக்கு வந்து, என் கட்டிலில் உடம்பு படாமல் கழுத்தை நீட்டி வெளியே பார்த்தார். புளிய மரத்துக்கு மேலே அவருடைய பெருமாள் கோபுரத்தின் நுனி தெரியும். தினமும் இதற்காக எழுந்து வருவார். திரும்பிப் போய்ப் படுக்கும்போது வலியில் பல்லைக் கடிப்பார்.

கட்டிலை மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. மூப்பர் யோசேப்புக்குத் தெரிந்தால் விக்கிரகம் பார்க்க வசதி செய்து கொடுத்தாயா என்று கேட்பார் என்றும் தோன்றியது. கொஞ்ச நேரம் யோசித்தேன். அயலானைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்கிறோம். இந்த அயலானுக்குக் கழுத்து வலிக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

சிஸ்டர் எங்கள் சீட்டுகளையும் மருந்துகளையும் மாற்றி வைத்தார். ஆச்சாரி சொம்புத் தண்ணீரை எடுத்து ஜன்னல் கட்டிலின் மெத்தையில் தெளித்தார். சுத்தம் செய்கிறாராம். தெளித்தது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஈர மெத்தையில் படுத்துக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டே, "நன்னா இருக்கு ஓய்" என்றார்.

சாயங்காலம் என்னை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். மஞ்சள் காமாலைக்காரனுக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது. அப்படியே அறுத்தால் நிற்காமல் ஓடும். அதனால் ஊசி போட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்த பிறகே கத்தி. பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் பெரிய வரிசை. நான் திரும்பி வந்தபோது பார்வையாளர் நேரம் பாதி ஓடியிருந்தது.

வார்டு வாசலிலேயே ஞானம்மாவின் பாட்டு கேட்டது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கட்டிலைச் சுற்றி நம் சபையார் ஏழெட்டுப் பேர். தானியேலுக்கு ஜன்னல் ஓரக் கட்டில் என்று உங்கள் அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். கட்டில் மாறியது அவளுக்கே இன்னும் தெரியாது. வந்தவர்கள், கம்பளியால் தலை மூடி நடுங்கிக்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்து, பாவம், தானியேலுக்குக் குளிர் ஜுரமும் வந்துவிட்டது என்று உருகிப்போய், ஆளுக்கு ஒரு கையைக் கம்பளிமேல் வைத்து, கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் என்ன செய்ய முடியும்? நடுவில் போய் நிறுத்துங்கள் என்று சொல்ல, அது பட்டறை வேலையா? ஜெபம் அல்லவா! ஓசைப்படாமல் போய்க் கடைசியில் நின்றேன். பக்கத்தில் நின்றவர் காலடி கேட்டுக் கண்ணைத் திறக்காமலே, "வா பிரதர், நம்ம தானியேலுக்காக ஜெபி" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டு எனக்காக ஜெபித்தேன்.

மூப்பர் யோசேப்பு உரத்த குரலில், "ஆண்டவரே, கத்தி படாமலே கல்லைக் கரைத்தருளும்!" என்றார். அதே மூச்சில் ஞானம்மா, "ஆண்டவரே, டாக்டரம்மா கத்தியை நீரே பிடித்து நடத்தும்!" என்றாள். அவர் குரலை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். கரைத்தருளும், நடத்தும், கரைத்தருளும், நடத்தும். கருவாட்டுக் குழம்பு கட்டில்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்கள். கம்பளிக்குள் நடுக்கம்கூட நின்றுவிட்டது.

ஒருவழியாக "ஆமென்" வந்தது. கம்பளி மெல்லக் கீழே இறங்கியது. முதலில் வெளியே வந்தது குடுமி.

"ஐயையோ!" என்றாள் ஞானம்மா. "நம்ம தானியேலுக்குக் குடுமி!"

"அம்மா, நானு இங்க இருக்கறேன்" என்றேன் பின்னாலிருந்து.

ஏழெட்டுத் தலைகளும் என் பக்கம் திரும்பி, கட்டிலுக்குத் திரும்பி, மறுபடி என் பக்கம் திரும்பின. ஞானம்மா கையைக் கூப்பி, "சாமி, ஆள் தெரியாம தொட்டுட்டோம், மன்னிச்சிக்குங்க" என்றாள். ஆச்சாரி கூரையைப் பார்த்துக்கொண்டே, "பாதகமில்லை" என்றார். மூப்பர் என் கட்டிலைக் காட்டி, "இங்கயும் ஒருக்காப் பண்ணிடலாம்" என்று கையைத் தூக்கியபோது மணி அடித்துவிட்டது. காவல்காரர் கம்பைத் தட்டிக்கொண்டு வந்து எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

"கவலப்படாத தானியேலு! ஆண்டவருக்கு உன் பேர் தெரியும்" என்று போகும்போது ஞானம்மா கத்தினாள்.

பேர் தெரியும். கட்டில் மாறியது தெரியுமா? இப்படியெல்லாம் யோசிக்கிறவனுக்குத்தான் சாட்சி சொல்லும் நாளில் பயமில்லையாம்.

வார்டு அமைதியானதும் ஆச்சாரி கேட்டார்:

"அவாள்ளாம் உமக்கு என்ன உறவு?"

"உறவு இல்ல சாமி. சபைக்காரங்க."

"ஒருத்தர்கூடவா உறவில்லை?"

"இல்ல."

"என் தம்பி ரெண்டு தெரு தள்ளி இருக்கான். இன்னும் வரலை." கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "முதல்ல எழுந்து சொல்லிடலாம்னுதான் பார்த்தேன் ஓய். என் தலையில யாராவது கை வச்சு எத்தனையோ வருஷமாச்சு. எழுந்தா எடுத்துடுவாளேன்னு இருந்துட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"ஆனா அந்தப் பெரியவர் கத்தி வேண்டாம்ங்கறார். அந்தம்மா கத்தியை நடத்தும்ங்கறா. பகவான் யார் சொல்றதைக் கேப்பார்னு எனக்கே கவலையாப் போச்சு. நடுவுல கல்லு கல்லுன்னு வேற. எனக்குக் கல்லும் இருக்கோன்னு பயந்துட்டேன்."

சிரித்தால் விலாவில் வலிக்கும். ஆனாலும் சிரித்தேன். அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"உமக்குப் பண்ணினதை நான் வாங்கிண்டுட்டேன். வாங்கிண்டு சும்மா படுத்திருந்தா அது நியாயமில்லை. செவ்வாய்க்கிழமை நான் போறேன்."

"அஷ்டமி?"

"போன வாரமே போயிடுத்து ஓய்."

செவ்வாய்க்கிழமை அவர் போனார். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு போகும்போது முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. நான் என் கட்டிலில் உட்கார்ந்து அவருக்காக ஜெபித்தேன். அன்று எனக்காக ஒரு வார்த்தைகூட ஜெபித்ததாக நினைவில்லை. பயப்படவும் நேரம் இருக்கவில்லை. வெகுநேரம் கழித்துத் தூக்கி வந்து கிடத்தினார்கள். கண்ணைத் திறந்ததும் என் பக்கம் தலையைத் திருப்பி, நாக்குக் குழற, "ஒண்ணுமில்லை ஓய். மூக்குல ஒரு நாத்தம் காட்டுவா. அவ்வளவுதான்" என்றார். அப்புறம் தன் சொம்பிலேயே வாந்தி எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் அம்மா வந்து என் தலையை வாரிவிட்டாள். ஆபரேஷனுக்கு எதற்குத் தலை வாருவது என்றேன். "டாக்டரம்மா பாக்கறப்ப அலங்கோலமா இருக்கக்கூடாது" என்றாள். வகிடு கோணலாக விழுந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

தள்ளுவண்டியை இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நிறுத்தி என்னைக் கிடத்தினார்கள். மறுபடி அந்தக் காட்சி, மேசை, டாக்டரம்மா கையைப் பிசைவது. எழுந்து ஓடிவிடலாம் என்றுகூட இருந்தது. அப்போது என் தலைமேல் ஒரு கை வந்து விழுந்தது.

ஆச்சாரி எழுந்திருக்கக் கூடாது. படுத்தபடியே கையை நீட்டி, என் கோணல் வகிட்டின்மேல் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"உம்ம ஆண்டவர்கிட்ட பேசி எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிஞ்சவர்கிட்டயே சொல்றேன், கோச்சுக்காதீர்" என்றார். பிறகு மேலே பார்த்துச் சொல்வதுபோல், "பேர் தானியேல். ஜன்னல் கட்டில் இல்லை, பக்கத்துக் கட்டில். கல்லு இவருக்குத்தான், எனக்கில்லை" என்று ஆரம்பித்தார்.

சொம்பை மறுபக்கம் வைத்த மனுஷர். அந்தக் கையை எனக்கு அனுப்பியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயம் இருந்தது. ஆனால் ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. விசுவாசம் என்பது அவ்வளவுதானோ என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் முடிப்பதற்குள் வண்டியைத் தள்ளிவிட்டார்கள். சிஸ்டர் பிறகு சொன்னார்: வண்டி போனது ஆச்சாரிக்குத் தெரியவில்லையாம். கண்ணை மூடியபடி, கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு, நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாராம். யாருக்கும் எழுப்ப மனசு வரவில்லையாம். உங்கள் அம்மா அந்தக் கைக்குப் பக்கத்திலேயே முழங்கால் போட்டிருக்கிறாள்.

நான் கண் விழித்தபோது என் வயிற்றிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் வெளியே வந்து பாட்டிலில் முடிந்தது. பித்தநீர் வடிந்து தையல் ஆறுவதற்காக அதை வைத்திருந்தார்கள். பாட்டிலில் நல்ல மாம்பழ மஞ்சள். முதலாளி பார்க்க வந்தவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இந்தக் கலர்தான் பா ஆர்டர்ல கேட்டாங்க" என்றார்.

கல்லைச் சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். பட்டாணி அளவு. சாலமோன் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவராதது வேறு கதை. மூப்பர் யோசேப்பு அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, ஜெபத்துல எவ்ளோ கரைஞ்சிருக்குது! இல்லன்னா தேங்கா மாரி இருந்திருக்கும்" என்றார். ஞானம்மா வாயைத் திறந்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மூடிக்கொண்டாள்.

ஆச்சாரி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். தம்பி கடைசியில் வந்தார். நான் வீட்டுக்கு வந்து, மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்து, பட்டறைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் நம் வீட்டு வாசலில் குதிரை வண்டி நின்றது. உங்களுக்கு நினைவிருக்கும். ஆச்சாரி இறங்கினார், கையில் இலை போட்டு மூடிய பாத்திரம்.

"இட்லி கொண்டு வந்திருக்கேன். பயப்படாதீர். கோயில்ல பண்ணலை, ஆத்துல பண்ணினேன். பெருமாளுக்குக் காட்டாம எடுத்துண்டு வந்தேன். நீர் சாப்பிடலாம்."

வாழ்நாளெல்லாம் முதலில் பெருமாளுக்குக் காட்டாமல் ஒரு பருக்கையை வெளியே விடாத மனுஷர் அவர்.

"டாக்டரம்மா உமக்கு நெய் கூடாதுன்னுட்டா. அதனால நெய்யும் விடலை" என்றார். பாத்திரத்தைத் துக்கமாகப் பார்த்தார். "பெருமாளும் இல்லாம, நெய்யும் இல்லாம, என் ஜன்மத்துல இப்படி ஒரு இட்லி அவிச்சதில்லை ஓய்."

உங்கள் அம்மா அவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் தவித்தாள். "வாழைப்பழம் இருந்தா கொடும்மா. தோல் இருக்கு, தோஷமில்லை" என்றார். நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பழத்தை உரித்துத் தின்றுகொண்டே, "அந்தக் குடுமின்னு கத்தின அம்மா சௌக்கியமா?" என்று விசாரித்தார்.

நாம் இட்லி தின்றோம். கிரேஸ், நீ ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். நான் உன்னைத் திருப்பிப் பார்த்தேன். நீ மறுபேச்சில்லாமல் இரண்டாம் வாய் வைத்தாய். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நீ பிறகு கேட்டாய், நான் சொல்லவில்லை. இத்தனை பக்கம் எழுதியது அதைச் சொல்லத்தான்.

அந்த இட்லி வைக்கோல் மாதிரி இருந்தது. நாம் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.